மிச்சாமி துக்கடம்: யார் கடனை யார் தள்ளுபடி செய்வது?

1

கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கைகூப்பி நின்றார். வெள்ளை உடுப்பு. எட்டு நாள் உபவாசத்தில் உதடு வெடித்துக் கிடந்தது. கையில் சலான் இல்லை, பாஸ்புக் இல்லை. பணம் போட வந்தவரும் இல்லை, எடுக்க வந்தவரும் இல்லை.

"மிச்சாமி துக்கடம் சார். மனசாலயோ வாயாலயோ கையாலயோ, தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க."

சௌகார்பேட்டைப் பக்கத்துக் கிளை ஒன்றில் கிளார்க் வேலை எனக்கு. வருசா வருசம் பர்யுஷண் முடிகிற நாளில் இது நடக்கும். கடைக்காரர், கணக்குப்பிள்ளை, காலேஜ் போகிற பையன் என்று யார் யாரோ வந்து கைகூப்புவார்கள். மேனேஜர் முதல் கூட்டுகிற அம்மா வரை எல்லாரிடமும் கேட்பார்கள். இந்த நாட்டில் என்னைவிட வயதிலும் பணத்திலும் பெரிய ஆள் என்னிடம் வந்து மன்னிப்பு கேட்கிற நாள் வருசத்தில் அது ஒன்றுதான். அதனால் நானும் நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று, "பரவால்ல சார், பரவால்ல" என்றேன்.

சொன்ன பிறகு வாய் கசந்தது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு இரண்டு வருசம் முன்னால், கிளைக்குப் பக்கத்தில் வீடு தேடி அலைந்தேன். புரோக்கர் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். வாடகை சரி, அட்வான்ஸ் சரி. படி ஏறும்போது கேட்டார்: "சார், சாப்பாடு எப்படி?" "எல்லாம் சாப்பிடுவோம்" என்றேன். பாதிப் படியில் நின்றுவிட்டார். "அப்ப இங்க வேணாம் சார், ஓனர் ஒத்துக்க மாட்டாரு." அவர் என் சாதியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சாதியைக் கேட்டால் குற்றம். சாப்பாட்டைக் கேட்டால் பண்பாடு. பின்னாளில் அந்தப் பெரியவர் கொடுத்த ஒரு படிவத்தில் முகவரியைப் பார்த்தேன். அதே தெரு, அதே கட்டடம், உரிமையாளர் அவரே.

அவருக்கு என்னைத் தெரியாது. பாதிப் படியில் திரும்பியவன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. 'தெரியாமல் செய்த தப்பு' என்ற கணக்கில் அது வரும். அதைத்தான் நான் "பரவால்ல" என்று சொல்லி அழித்துக் கொடுத்தேன்.

இந்தக் கட்டுரை அந்த 'பரவால்ல'வைத் திரும்பப் பெறுவதற்காக.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சமணத்தைத் திட்டுவது இங்கே சைவ மடங்களின் பழைய தொழில். எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையைக் கோயில் திருவிழாவாகவே கொண்டாடியவர்களோடு எனக்குச் சேர்க்கை இல்லை. வேள்வியில் உயிரை வெட்டிப் போட்டு சொர்க்கம் வாங்கித் தருகிறேன் என்ற பார்ப்பானைப் பார்த்து 'நிறுத்து' என்றவர்களில் மகாவீரர் ஒருவர். சமஸ்கிருதத்தை ஒதுக்கிவிட்டு மக்கள் பேசிய பிராகிருதத்தில் பேசியவர். பெண்களுக்குத் துறவுச் சங்கம் வைத்தவர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் இன்றும் ஏர் உழுது வாழ்கிற தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. அவர்களில் யாரும் என் வயிற்றில் அடித்ததில்லை. என் வழக்கு ஒரு நம்பிக்கையின் மீதும், அந்த நம்பிக்கை பணத்தோடும் அரசாணையோடும் கைகோத்து நடக்கிற விதத்தின் மீதும்தான்.

பர்யுஷண் என்பது மழைக்காலத்து நோன்பு. துறவிகள் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குகிற நாலு மாதத்தில், ஆவணி புரட்டாசியை ஒட்டி வருகிறது. சுவேதாம்பரர்களுக்கு எட்டு நாள். அதன் கடைசி நாள் சம்வத்சரி, வருசாந்திர மன்னிப்பு நாள். திகம்பரர்கள் அதற்குப் பிறகு தசலட்சணம் என்று பத்து நாள் கொண்டாடுகிறார்கள். வெந்நீர் மட்டும் குடித்து எட்டு நாள் இருப்பவர்கள் உண்டு. மாதம் முழுக்க இருப்பவர்கள் உண்டு. பொழுது சாய்ந்தபின் சாப்பாடு இல்லை. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு இல்லை. ஒரு கிழங்குக்குள் எண்ணிலடங்காத உயிர்கள் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன என்பது அவர்கள் கணக்கு.

உயிர்களை அறிவால் வகைப்படுத்துகிறார்கள். மண், நீர், நெருப்பு, காற்று, செடி எல்லாம் ஓரறிவு. புழு ஈரறிவு, எறும்பு மூவறிவு, ஈ நாலறிவு, ஆடுமாடும் மனுசனும் ஐயறிவு. தொல்காப்பிய மரபியலிலும் இப்படி ஒரு வரிசை உண்டு என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சம்வத்சரியன்று மாலையில் உட்கார்ந்து 'பிரதிக்ரமணம்' செய்வார்கள். எண்பத்து நாலு லட்சம் உயிர்வகைகளிடமும் பிழை பொறுக்கக் கேட்பார்கள். நடக்கும்போது மிதித்த புல், அரைக்கும்போது நசுங்கிய வண்டு எல்லாம் அதில் அடக்கம்.

கேட்க எவ்வளவு நன்றாயிருக்கிறது! எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கவிதை எழுதுகிறவனுக்குப் புல்லிடம் மன்னிப்பு கேட்கிற மதம் பிடிக்காமல் போகுமா?

ஆனால் 'மிச்சாமி துக்கடம்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் 'என்னை மன்னித்துவிடு' என்பதில்லை. 'நான் செய்த தீமை பயனற்றுப் போகட்டும்' என்பது. கவனியுங்கள். தீமை செய்தவன் நான். அது இல்லாமல் போகட்டும் என்று சொல்கிறவனும் நான். எதிரில் நிற்கிறவன் சாட்சி மட்டும்.

வங்கியில் இதற்கு 'ரைட் ஆஃப்' என்று பேர். வாராக்கடனைப் பேரேட்டிலிருந்து தள்ளுவது. அதைக்கூட கடன் கொடுத்தவன்தான் செய்ய முடியும். கடன் வாங்கியவனே வந்து பேரேட்டைத் திறந்து தன் கடனைத் தானே அடித்துவிட்டுப் போவதை நான் எங்கும் பார்த்ததில்லை. சம்வத்சரியில்தான் பார்த்தேன்.

3

சரி, இந்த எட்டு நாளில் என்ன படிக்கிறார்கள்?

கோயில் வழிபாடு உள்ள சுவேதாம்பரர்கள் கல்பசூத்திரம் படிக்கிறார்கள். பத்திரபாகு செய்ததாகச் சொல்லப்படுகிற நூல். அதில் மகாவீரர் பிறப்பு வருகிறது. கதை இது: மகாவீரர் முதலில் தேவானந்தா என்ற பார்ப்பனத்தியின் வயிற்றில் கருவாகிறார். இந்திரன் மேலிருந்து பார்க்கிறான். பதறுகிறான். தீர்த்தங்கரர்கள் தாழ்ந்த குடியில், இழிந்த குடியில், ஏழைக் குடியில், பிச்சையெடுக்கும் குடியில், பார்ப்பனக் குடியில் பிறந்ததும் இல்லை, பிறக்கப்போவதும் இல்லையே என்று யோசிக்கிறான். ஹரிநைகமேஷி என்ற தன் படைத்தலைவனை அனுப்புகிறான். எண்பத்திரண்டு நாள் கழித்து அந்தக் கரு எடுக்கப்பட்டு திரிசலை என்ற சத்திரியப் பெண்ணின் வயிற்றில் வைக்கப்படுகிறது.

முதல் தடவை இதைப் படித்தபோது சிரித்தேன். தோழர்களும் சிரிப்பீர்கள். பார்ப்பான் வயிற்றையே தாழ்ந்த வயிறு என்று தள்ளிய மதம்! நம்மாளு எழுதியதுபோல இருக்கிறதே என்று தோன்றும். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். தாழ்ந்த குடி, இழிந்த குடி, ஏழைக் குடி, பிச்சைக் குடி. பார்ப்பான் கடைசியில் வருகிறான். அவனுக்கு முன்னால் வரிசையாக நிற்பது யார்? எங்க ஆயா. உங்க அம்மா. சத்திரியன் பார்ப்பானை இறக்கினான். சந்தோசம். ஆனால் ஏணியை உடைக்கவில்லை. ஏணியில் மேல்படிக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டதை நாம் விடுதலை என்று எண்ணக் கூடாது.

திகம்பரர்கள் இந்தக் கரு மாற்றக் கதையை ஏற்பதில்லை. அவர்கள் தங்கள் பத்து நாளில் தத்துவார்த்த சூத்திரத்தின் பத்து அத்தியாயங்களை நாளுக்கு ஒன்றாகப் படிக்கிறார்கள். அதன் எட்டாம் அத்தியாயத்தில் எட்டு வகை வினைகள் வருகின்றன. அதில் ஒன்று கோத்திர வினை. உயர்குலத்தில் பிறப்பிப்பது ஒன்று, தாழ்குலத்தில் பிறப்பிப்பது ஒன்று. தாழ்குலப் பிறப்பு எதனால் வரும்? ஆறாம் அத்தியாயம் பதில் வைத்திருக்கிறது: பிறரை இகழ்ந்து தன்னைப் புகழ்ந்துகொண்டால் வருமாம். ஆக, சேரியில் பிறந்தவன் போன பிறவியில் தற்பெருமை பேசியவன். சேரி எரிந்தால் அது அவன் வாய்க்கொழுப்புக்கு வந்த வட்டி.

மனு இதையே பிரமன் வாய் என்றும் பிரமன் கால் என்றும் சொன்னான். இவர்கள் கடவுளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணக்குப் புத்தகத்தை வைத்தார்கள். கடவுளையாவது திட்டலாம். கணக்கை எப்படித் திட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்பசூத்திரத்தில் பிறப்பு படிக்கிற நாளில், திரிசலை கண்ட பதினாலு கனவுகளை வெள்ளியில் செய்து வைத்து மேலிருந்து இறக்குவார்கள். யானை, எருது, சிங்கம், லட்சுமி என்று போகும். எந்தக் கனவுக்கு யார் மாலை போடுவது என்று ஏலம். பழைய வழக்கப்படி ஏலத்தொகையை இத்தனை மணங்கு நெய் என்று கூவுவார்கள். ஒரு மணங்குக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு உண்டு. இந்த ஏலத்துக்கு அவர்கள் பாஷையில் 'போலி' என்று பேர். நான் வேண்டுமென்று எழுதவில்லை, பேரே அதுதான். இப்படி வருகிற பணம் 'தேவதிரவியம்'. கோயிலுக்கும் சிலைக்கும் தவிர வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது மரபு. பசித்த மனுசனுக்கும் கூடாது. ஐந்து மாவிரதங்களில் கடைசி அபரிக்கிரகம், அதாவது சேர்த்து வைக்காமை. சேர்த்து வைக்காமையைப் போதித்தவனின் தாய் கண்ட கனவை, அதிகம் சேர்த்து வைத்தவன் வாங்குகிறான்.

4

'அவர்களிலும் நம்மாள் இருந்தாரே' என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மை. உத்தராத்தியயன சூத்திரத்தின் பன்னிரண்டாம் அத்தியாயம் ஹரிகேசரின் கதை. நாய் தின்போர் என்று இகழப்பட்ட குலத்தில் பிறந்தவர். துறவியாகி, பார்ப்பனர் வேள்வி நடத்துகிற இடத்துக்குப் பிச்சைக்குப் போகிறார். கறுத்த உருவம், கந்தல் துணி. யாரடா நீ என்று விரட்டுகிறார்கள். பையன்களை விட்டு அடிக்கிறார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் அவர்களே பணிந்து, உண்மையான வேள்வி எது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த அத்தியாயத்தைப் படித்தபோது என் கை நடுங்கியது. இரண்டாயிரம் வருசத்துக்குக் குறையாத கதை. பிறப்பைப் பார்க்காதே, தவத்தைப் பார் என்று சொல்கிறது. அதையும் கேட்டுத்தான் வளர்ந்தது அந்த மதம்.

அப்புறம் என்ன ஆயிற்று? மகாவீரரின் பிரதான சீடர்கள், கணதரர்கள், பதினோரு பேர். பதினோரு பேரும் பார்ப்பனர்கள். புத்தரின் சங்கத்தில் நாவிதர் உபாலி விநயத்துக்கே அதிகாரியாக இருந்தார். குப்பை அள்ளிய சுனீதர் தேரராக இருந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர் காலத்தில் ஜினசேனர் ஆதிபுராணம் எழுதுகிறார். அதில் ரிஷபதேவரே சத்திரிய, வைசிய, சூத்திர வருணங்களை ஏற்படுத்துகிறார். அவர் மகன் பரதன் பார்ப்பனரை உண்டாக்குகிறான். அதோடு நிற்கவில்லை. தொழில் செய்யும் சூத்திரரில் தொடத்தக்கவர், தொடத்தகாதவர் என்று பிரித்தும் எழுதுகிறார். ஹரிகேசர் கதைக்குள் சமாதியானார். அவர் பேரன்கள் ஊருக்கு வெளியே நின்றார்கள்.

எறும்புக்கும் புல்லுக்கும் இடம் கொடுத்த அதே ஏட்டில் 'தொடத்தகாதவர்' என்ற சொல்லை எழுத ஒரு கை துணிந்தது. அந்தக் கைக்கு ஒரு சம்வத்சரியிலாவது யாராவது மன்னிப்பு கேட்டார்களா?

5

நோன்பு அவரவர் வயிற்றோடு நின்றால் நான் ஏன் பேனா எடுக்கப்போகிறேன்? அது அரசன் வாசலுக்குப் போய் ஆணையாகத் திரும்பி வருகிறது. இது இன்று வந்த வழக்கமும் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் குஜராத்தை ஆண்ட குமாரபாலன், ஹேமச்சந்திரரின் சொல் கேட்டு கொல்லாமை ஆணை போட்டான். பேன் ஒன்றைக் கொன்ற வணிகனின் சொத்தைப் பறித்து, அந்தப் பணத்தில் பேனுக்கு நினைவாக ஒரு கோயில் கட்டினான் என்று பிரபந்தசிந்தாமணி கதை சொல்கிறது. 1583-ல் ஹீரவிஜயசூரி பதேபூர் சிக்ரிக்குப் போய் அக்பரைச் சந்தித்தார். பர்யுஷண் நாட்களில் உயிர்வதை கூடாது என்று பாதுஷா பர்மான் கொடுத்தார்.

1998-லும் 1999-லும் அகமதாபாத் மாநகராட்சி, பர்யுஷணுக்கு நகராட்சி இறைச்சிக்கூடங்களை மூடத் தீர்மானம் போட்டது. கறிவெட்டும் குரேஷி சமூகத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். 2005-ல் குஜராத் உயர்நீதிமன்றம் தீர்மானத்தை ரத்து செய்தது. 2008 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, மூடியது சரிதான் என்றது. ஒன்பது நாள்தானே, சின்னக் கட்டுப்பாடுதானே, அடுத்தவர் உணர்ச்சியை மதிக்க வேண்டாமா என்கிற வழியில் போனது தீர்ப்பு. அக்பரையும் சாட்சிக்கு இழுத்தது. ஒன்பது நாள் சம்பளம் பிடித்தால் நீதிபதி வீட்டு உலை அணையாது. தினக்கூலிக்காரன் வீட்டில் அணையும். உணர்ச்சி என்று சட்டத்தில் வந்தால் அது சாப்பிட்டவனின் உணர்ச்சி. பசிக்கு உணர்ச்சி என்று பேர் வைக்க இன்னும் எந்த பெஞ்சும் உட்காரவில்லை.

2014-ல் குஜராத்தின் பாலிதானாவில் துறவிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கறி, முட்டை விற்காத ஊராக அரசு அதை அறிவித்தது. 2015-ல் மும்பையில் பர்யுஷணுக்குக் கறி விற்கவே தடை வந்தது. செப்டம்பரில் உயர்நீதிமன்றம் விற்பனைத் தடையை நிறுத்தி வைத்தது. உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. அப்போது சிவசேனாக்காரர்களும் ராஜ் தாக்கரே ஆட்களும் தெருவில் இறங்கிக் கோழிக்கறிக்காகக் கொடி பிடித்தார்கள். உணவுரிமைப் போராளிகளாம்! 1995-ல் காளை, எருது வதையையும் சேர்த்துத் தடுக்கும் சட்டத்தை மகாராஷ்டிரத்தில் நிறைவேற்றியது சிவசேனா பாஜக ஆட்சி. 2015 மார்ச்சில் அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்தது. ஆறு மாதம் கழித்துக் கோழிக்குக் கண்ணீர். கோழி மராத்திக்காரன் சாப்பாடு, மாடு மகர் சாப்பாடு, முஸ்லிம் சாப்பாடு. அவர்கள் சண்டை சமண வியாபாரியோடு. நம் தட்டு அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் இல்லை.

இங்கே என்ன குறைச்சல்? சமூகநீதி மண் என்று மேடை போடுகிற நம் தமிழ்நாட்டில் மகாவீர் ஜெயந்திக்கு இறைச்சிக்கடை மூட உத்தரவு வருகிறது. கிளையிலிருந்து யானைக்கவுனிப் பாலம் ஏறி இறங்கி சூளை வழியே போனால் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி. எங்க சித்தப்பா அங்கே தலை, கால் வாட்டுகிற வேலை பார்த்தவர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. தொட்டி மூடிய நாளில் வீட்டுத் திண்ணையில் பீடி பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் ஒரு தடவை கேட்டேன்: "இன்னா சித்தப்பா, வேலைக்குப் போவல?"

"சாமிக்கு லீவுபா" என்றார். "ஆட்டை வெட்டக் கூடாதாம் இன்னிக்கு."

"நமக்கு சோறு?"

"ஆடு தப்பிச்சுதுல்ல, அத்த நினைச்சு சந்தோசமா படுத்துக்க" என்று சிரித்தார்.

அந்த ஜோக்கைவிடப் பெரிய சமண விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

6

சமண இல்லறத்தாருக்கு விலக்கப்பட்ட பதினைந்து தொழில்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. கரி சுடுவது, காடு வெட்டுவது, நிலத்தைக் கிளறுவது, தந்தம் விற்பது, விஷம் விற்பது, செக்கு ஆட்டுவது என்று போகும். மண்ணில் இறங்குகிற, கையில் அழுக்கு படுகிற வேலைகள் அதில் பல. வட்டி அந்தப் பதினைந்தில் இல்லை. சமணரை மட்டும் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வட்டியில்தான் என் சம்பளமும் வருகிறது. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து, தாலிக்கொடியை உரசிப் பார்க்க அனுப்புகிறவன் நான். என் கையிலும் ரத்தம் தெரியாது. அதனால்தான் எனக்கு அந்தப் பட்டியலின் சூட்சுமம் சட்டென்று புரிந்தது. உழவன் ஏரில் புழு சாகிறது, அது இம்சை. உழவனுக்குக் கொடுத்த கடனில் உழவனே தூக்குப் போட்டுக்கொண்டால், அதில் ஆயுதம் எங்கே இருக்கிறது?

அகிம்சை என்பது யாராவது ஒருவர் நமக்காகக் கையை அழுக்காக்கிக்கொள்கிற வரைக்கும்தான் நடக்கும். பிஞ்சராபோலில் மாட்டைச் சாகும்வரை காப்பாற்றுகிறார்கள். நல்லது. செத்த பிறகு அதைத் தூக்குவது யார்? தோல் உரிப்பது யார்?

2016 ஜூலை 11-ஆம் தேதி குஜராத்தின் ஊனாவில் அதற்குப் பதில் கிடைத்தது. செத்த மாட்டின் தோலை உரித்த ஒரு தலித் குடும்பத்தாரைச் சட்டையைக் கழற்றி, காரில் கட்டி, தெருவில் வைத்து அடித்தார்கள். அடித்ததை அவர்களே படம் பிடித்தார்கள். அடித்தவர்கள் பசுக்காவலர்கள், சமணத் துறவிகள் இல்லை. தெரியும். ஆனால் உயிர்வதை என்றால் முதலில் கறிக்கத்தியும் தோலும் கண்ணில் பட வேண்டும், மனுசன் முதுகு கண்ணில் படக் கூடாது என்கிற பார்வையை அந்த மண்ணுக்கு எண்ணூறு வருசமாகப் பழக்கியது யார்? குமாரபாலன் ஆணை முதல் மாநகராட்சித் தீர்மானம் வரை பழக்கியது அதைத்தானே?

ஊனாவுக்குப் பின் நம் சனங்கள் செய்தது வரலாறு. சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனி தூக்க மாட்டோம் என்றார்கள். மாட்டு வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தைக் கொடுங்கள் என்று அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்தார்கள். 2018 ஏப்ரலில் அந்த அடிபட்ட குடும்பத்தார் பௌத்தம் தழுவினார்கள். கவனியுங்கள்: அகிம்சை பேசும் இரண்டு சிரமண மதங்கள் இந்த நாட்டில் உண்டு. குஜராத்தில் நாலு பக்கமும் இருப்பது ஒன்று. அவர்கள் தேடிப்போனது மற்றதை.

ஏன் என்று பாபாசாகேப் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், கொல்லும் வேட்கையும் கொல்ல வேண்டிய தேவையும் வேறு வேறு என்று பிரிக்கிறார். புத்தரின் அகிம்சை யோசித்து நடப்பதற்கான ஒரு கொள்கை. எல்லா நேரத்துக்கும் போட்ட விலங்கு இல்லை என்கிறார். அன்பிலிருந்து அகிம்சைக்கு வருவது அவர் வழி. வினை ஒட்டிக்கொள்ளுமே என்ற பயத்திலிருந்து அகிம்சைக்கு வருவது வேறு வழி. முதல் வழியில் எதிரே இருப்பவன் தெரிவான். இரண்டாம் வழியில் என் ஆன்மாவின் அழுக்கு மட்டும் தெரியும். எறும்பைக் காப்பாற்றுகிறவன் எறும்புக்காகக் காப்பாற்றுகிறானா, தனக்காகவா?

இதே நகரத்தில் மலக்குழிக்குள் ஆள் இறங்குகிறான். 2013-ல் தடைச் சட்டம் வந்தது. குழியில் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-ல் முப்பது லட்சம் ஆக்கியது. தொகை ஏறியதே தவிர இறங்குவது நிற்கவில்லை. அவனும் ஐயறிவு உயிர். எண்பத்து நாலு லட்சத்தில் அவனும் ஒரு உருப்படி. அவனுக்காக எந்த மாநகராட்சி ஒன்பது நாள் எதை மூடியது? கக்கூஸை ஒரு நாள் மூடுங்களேன் பார்ப்போம்!

7

'ஐயா, சமணர்கள் சிறுபான்மை. 2014-ல் தேசிய அளவில் அங்கீகாரமும் கிடைத்தது. சிறுபான்மையைத் தாக்கலாமா?' என்று ஒரு தோழர் கேட்டார். எண்ணிக்கை சிறியது, நிசம். அவர்கள் கோயிலை ஒருவன் தொட்டால் நான் முதல் ஆளாய் எதிரே நிற்பேன். ஆனால் ஒரு சிறுபான்மையின் நோன்புக்காக இன்னொரு சிறுபான்மையின் கத்தியும் ஒடுக்கப்பட்டவனின் உலையும் மூடப்படும்போது, மூடுகிற கை யாருடையது என்று பார்க்க வேண்டும். பக்ரீத் அன்று ஆடு வெட்டியே ஆகவேண்டும் என்று எந்த மாநகராட்சியாவது எல்லாருக்கும் உத்தரவு போடுமா? போட முடியாது, போடவும் கூடாது. அப்போது மூடச் சொல்வது மட்டும் எப்படி மரியாதை ஆகிறது? இந்துத்துவ அரசியலுக்கு மகாவீரர் மேல் பாசம் இல்லை. மாட்டை நேரடியாகச் சொல்லிக் கறியைத் தடுக்க முடியாத இடத்தில் மகாவீரரை முன்னால் நிறுத்துகிறது. இது சமணத் தோழர்களும் யோசிக்க வேண்டிய விசயம். ஹரிகேசரை அடித்த வேள்விக்காரனின் பேரனோடு கைகோத்துக்கொண்டா உங்கள் கொல்லாமையை நிலைநாட்டப் போகிறீர்கள்?

கடைசியாக நம்மைப் பற்றி. இதைச் சொல்லாமல் முடித்தால் நான் யோக்கியன் இல்லை. மாட்டுக்கறி பற்றி நான் கவிதை எழுதியிருக்கிறேன். மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மறுநாள் காலை ஆபீஸ் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். மூன்று வருசம். யாரும் கட்டளை போடவில்லை. மதியம் டேபிளில் நாலு பேர் மூக்கைச் சுளிப்பார்களோ என்று நானே போட்டுக்கொண்ட கட்டளை. ராத்திரி சித்தப்பா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வறுவல். அரசாங்கம் வருசத்தில் சில நாள் தொட்டியை மூடுகிறது. நான் வருசம் பூரா என் டிபனை மூடி வைத்தேன். பெரியவரிடம் 'பரவால்ல' என்று சொன்னது அந்த மூடிதான், நான் இல்லை.

மாணவத் தோழர்களே, விடுதி மெஸ்ஸில் 'வெஜ் டேபிள்' என்று தனியாகப் போட்டால் அது மேசை பற்றிய விசயம் என்று நினைக்காதீர்கள். அது நான் பாதியில் திரும்பிய மாடிப்படி. ஒரு நாள் கடையடைப்பு என்றால் அந்த ஒரு நாள் கூலியை யார் தருவது என்று கேளுங்கள். மனு எழுதுங்கள், தகவல் கேளுங்கள், தொட்டித் தொழிலாளியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். எவர் நோன்புக்கும் எவர் உலையும் அணையக் கூடாது. 'சைவருக்கு மட்டும்' என்று வீட்டு வாசலில் தொங்குகிற பலகைக்கும் பழைய அக்கிரகாரத்து எல்லைக்கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள்.

அடுத்த சம்வத்சரிக்கும் அந்தப் பெரியவர் வருவார். நல்ல மனுசன். எட்டு நாள் பட்டினியோடு வந்து கைகூப்புவார். நான் எழுந்து நிற்பேன், அந்த மரியாதையில் குறை வைக்க மாட்டேன். ஆனால் இந்தத் தடவை 'பரவால்ல' சொல்ல மாட்டேன்.

"ஐயா, உங்க கட்டடத்துல பாதிப் படி வரைக்கும் ஏறி இறங்கினவன் நான். நீங்க கேக்கற மன்னிப்பு என் கையில இல்ல, அந்தப் படியில இருக்கு. மீதிப் படி ஏற விடுங்க. ஏறினப்புறம் பேசுவோம்."

கடன் அடைந்தால் ரசீது போட்டுத் தருவது என் வேலை. அடையாத கடனுக்கு இதுவரை நான் ரசீது போட்டதில்லை.